ஆற்றுக் கணக்கும் கிணற்றுக் கணக்கும்

பாலக்கரையிலிருந்து ஒரு நேயர் எழுதுகிறார்: "என் பையன் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறான். ஆற்றுத் தண்ணீரையும் நிலத்தடித் தண்ணீரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போடும் மென்பொருள் ஒன்று இருக்கிறதாம். அதில் புதிது புதிதாக என்னென்னவோ வசதிகள் வந்திருக்கின்றனவாம். ஆற்றில் தண்ணீர் வந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. கிணறு வற்றினால் குடத்துக்குத் தெரிகிறது. இதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமா? பையன் கதை விடுகிறானா?"

கதை விடவில்லை, ஐயா. ஆனால் திருச்சிக்காரரான தாங்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் ஆச்சரியம்!

கோடையில் காவிரியைப் பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து கரைவரை வெறும் மணல். அந்த மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று. அதே சமாசாரத்தைப் பெரிய அளவில் செய்துதான் திருச்சி மாநகராட்சி ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. காவிரி மணலிலும் கொள்ளிட மணலிலும் சேகரிப்புக் கிணறுகள் இறக்கியிருக்கிறார்கள். வட்டமான பெரிய சிமெண்டுக் கிணறு. அதன் அடியிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நாலா பக்கமும் துளையிட்ட குழாய்கள். மேலே ஆறு வறண்டு கிடக்கும்போதும் கீழே குழாய்கள் குடித்துக்கொண்டே இருக்கும்.

இப்போது நான் கேட்கிறேன்: உங்கள் வீட்டுக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீரா, நிலத்தடித் தண்ணீரா? ஆற்றுத் தண்ணீர் என்றால், ஆற்றில் தண்ணீரையே காணோம். நிலத்தடித் தண்ணீர் என்றால், மேட்டூரிலிருந்து வந்து மணலில் இறங்கியதுதானே அது? பதில் சொல்வது சுலபமில்லை. சுலபமில்லாததால்தான் கம்ப்யூட்டர்.

இதற்கு மூலபுருஷர் ஹென்றி டார்ஸி என்ற பிரெஞ்சு எஞ்சினீயர். தம் ஊரான டிஜானுக்குக் குடிநீர் கொண்டு வந்தவர். மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை விட்டு, நீர்மட்ட வித்தியாசம் இவ்வளவு இருந்தால் மணல் வழியே இவ்வளவு ஓடும் என்ற விதியை 1856-ல் அச்சிட்டார். அந்த விதியை வைத்துக்கொண்டு, ஊரைச் சதுரங்கப் பலகை போல் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வரவு, செலவு, கையிருப்பு எழுத வேண்டியதுதான். நம் வீட்டு அம்மாள் பால் கணக்கு எழுதவில்லையா? அதுபோலத்தான். ஆனால் இங்கே ஒரு வீட்டின் செலவு அடுத்த வீட்டின் வரவு, ஆயிரக்கணக்கான வீடுகள். கையால் போட்டால் ஆயுசு போதாது.

அமெரிக்க அரசாங்கத்தின் புவியியல் ஆய்வுத் துறை 1984-ல் இதற்காக ஒரு ப்ரோகிராம் வெளியிட்டது. மாட்ஃப்ளோ என்று பெயர். எழுதியவர்கள் மெக்டொனால்டும் ஹார்பாவும். காசு வாங்காமல் எல்லாருக்கும் கொடுத்ததால் உலகமெல்லாம் பரவிற்று. நம் பாலாற்றின் கீழ்ப் படுகைக்கே அண்ணா பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட நிலத்தடி நீர்க் கணக்கு ஒன்று போட்டு 2004-ல் வெளியிட்டார்கள்.

ஆனால் அந்த முதல் மாட்ஃப்ளோவில் ஒரு வேடிக்கை. அதில் வரும் ஆறு கர்ணன் மாதிரி! பக்கத்துக் கிணறுகள் எவ்வளவு இழுத்தாலும் 'இந்தா' என்று கொடுத்துக்கொண்டே இருக்கும். தனக்கு மேலேயிருந்து எவ்வளவு வந்தது, கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. ஆற்றின் நீர்மட்டத்தை நாம் எழுதிக் கொடுத்துவிட்டால் சரி. மணல் கேட்டதையெல்லாம் ஆறு கொடுத்துவிடும். வருஷமெல்லாம் நிரம்பி ஓடும் நதிகளுக்கு அது பொருந்தலாம். காவிரிக்குப் பொருந்துமா?

நிபுணர்களும் இதை உணர்ந்தார்கள். ஆற்றுக்கு வரவு இவ்வளவுதான், கொடுத்துத் தீர்ந்தால் வறண்டுவிடும் என்ற கணக்கை 1989-லேயே தனிப் பகுதியாகச் சேர்த்தார்கள். 2008-ல் மழை பெய்வது, மண்ணில் ஊறுவது, மேலே ஓடுவது ஆகியவற்றைக் கணிக்கும் வேறொரு ப்ரோகிராமை மாட்ஃப்ளோவுடன் இணைத்து, ஜி.எஸ்.ஃப்ளோ என்று பெயரிட்டார்கள். அதாவது, மேகத்திலிருந்து கிணற்றடி வரைக்கும் ஒரே பேரேடு.

தங்கள் குமாரர் சொல்லும் புதுமைகளில் பெரும்பாலானவை 2017-ல் வந்த ஆறாவது மாட்ஃப்ளோவைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். கட்டங்கள் இனிச் சதுரமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆற்றோரத்தில் பொடியாகவும், தள்ளிப் போகப் போகப் பெரிதாகவும் வைத்துக்கொள்ளலாம். பழைய கணக்கில் ஒரு கட்டம் வறண்டுவிட்டால் அது கணக்கிலிருந்தே விழுந்துவிடும். மறுபடி வெள்ளம் வந்தாலும் அதை எழுப்புவது பெரும்பாடு. இப்போது வறண்ட கட்டமும் சாகாமல் காத்திருக்கும். ஆடிக்கு ஆடி உயிர் பெறும் ஆறுகளுடைய நமக்கு இது பெரிய சௌகரியம்.

எனக்கு மிகவும் பிடித்தது, தண்ணீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிவிடும் வசதி. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு இவ்வளவு, வாய்க்காலிலிருந்து ஏரிக்கு இவ்வளவு, ஏரி நிரம்பினால் மிச்சம் எங்கே என்று ஏற்பாடு செய்யலாம். இதற்குத் திருச்சியை விடப் பொருத்தமான ஊர் ஏது? பேட்டைவாய்த்தலையில் காவிரியை விட்டுப் பிரிந்து, ஊருக்குள் புகுந்து, பாலக்கரை வழியாகப் போய், வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது உய்யக்கொண்டான். ராஜராஜன் காலத்து வாய்க்கால். வழியெல்லாம் கசிந்துகொண்டும், சாக்கடைகளை வாங்கிக்கொண்டும் போகிறது. அந்தக் கசிவில் எவ்வளவு எந்தத் தெருக் கிணற்றுக்குப் போகிறது என்று கேட்கலாம். சாக்கடை நீரில் கலந்தது மண்ணுக்குள் எத்தனை தூரம் போகும் என்றும் கேட்கலாம். 2017-க்குப் பின் அந்தப் பகுதியும் சேர்ந்துவிட்டது. நீரின் உஷ்ணத்தைக்கூட 2024-ல் சேர்த்திருக்கிறார்கள். அது நமக்கு இப்போது அவசரமில்லை.

அவசரமானது வேறு. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. ஒதுக்கியது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. 2018 பிப்ரவரி 16-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை 404.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75-ல் 10 டி.எம்.சி.க்குச் சொன்ன காரணம், தமிழ்நாட்டில் பூமிக்கடியில் தண்ணீர் இருக்கிறதே என்பது. டெல்டாவில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் உண்டு, அதில் பாதியைக் கணக்கில் சேர்க்கலாம் என்றார்கள். நடுவர் மன்றம் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தது. டெல்டாவின் நிலத்தடி நீர் ஆறும் வாய்க்காலும் பாய்ச்சியதால் ஊறியதுதான்; அதைத் தனியாக எண்ணினால் ஒரே தண்ணீரை இரண்டு தரம் எண்ணியதாகும் என்பது தமிழ்நாட்டின் கட்சி.

தீர்ப்பு தீர்ப்புதான், அதைப் பற்றி இங்கே வழக்காட வரவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் மழை கொடுத்தது எவ்வளவு, காவிரி கொடுத்தது எவ்வளவு? ஆற்றில் வரும் நீர் குறைந்தால் அதுவும் கூடவே குறையுமா? உங்கள் பையன் படிக்கிற ப்ரோகிராம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இவைதான். பத்து டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 28,300 கோடி லிட்டர். எத்தனை குறுவை வயல் அதில் அடங்கும் என்று தஞ்சாவூர்க்காரரைக் கேளுங்கள்.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. வரவுப் பக்கத்தை ஓரளவு நிரப்பிவிடலாம்: மழைக்கு மானி இருக்கிறது, மேட்டூரில் திறப்பதற்கும் முக்கொம்பில் பிரிப்பதற்கும் குறிப்பு இருக்கிறது. செலவுப் பக்கத்தில் பம்ப்செட்டுகள் நிற்கின்றன. விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம். பெரும்பாலான இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. எத்தனை மணி நேரம் ஓடிற்று, எவ்வளவு இறைத்தது என்பதெல்லாம் உத்தேசம். உத்தேசத்தைப் போட்டால் உத்தேசம்தான் வரும், எந்த வருஷத்து மாட்ஃப்ளோவானாலும். கொள்ளிடத்தில் வருஷக்கணக்காக லாரி லாரியாக மணல் போனதும் அப்படியே: கட்டத்தில் பழைய மணல் ஆழத்தை எழுதினால், இல்லாத மணலுக்குள் இல்லாத தண்ணீரைக் கம்ப்யூட்டர் பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கும்.

தங்கள் வீட்டுப் போர் தண்ணீர் கொடுக்குமா என்று மட்டும் பையனிடம் கேட்காதீர்கள். ஆற்று மணலை விட்டுத் தள்ளி வந்தால் திருச்சியில் அடியில் பாறை. மலைக்கோட்டையைப் பார்த்தாலே தெரியும்! பாறையில் தண்ணீர் வெடிப்பு வழியே ஓடுகிறது. எந்த வெடிப்பு எங்கே போகிறது என்பது ஒரு கெஜத்துக்கு ஒரு கெஜம் மாறும். ஆற்றுப் படுகைக்கு நன்றாகப் பலிக்கும் கணக்கு அங்கே தடுமாறும்.