அறுவைக்குக் காப்பீடு உண்டு, மாத்திரைக்கு இல்லை

புது தில்லி: எழுபது வயது நிரம்பிய எவரும், வருமானம் எதுவாயினும், ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சையை இலவசமாகப் பெறலாம் என்று மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பர் 11-ஆம் தேதி முடிவெடுத்தது. நான்கரைக் கோடிக் குடும்பங்களில் 6 கோடி முதியோர் பயனடைவர் என்றது அரசு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலிருந்து விலகி நின்ற ஒடிஸாவும் தில்லியும், ஆட்சி மாறியதும், 2025-இல் அதில் இணைந்துவிட்டன.

இதனால் யாருக்கு வாக்கு என்ற கணக்கைப் பலரும் போட்டுவிட்டார்கள். இந்த வயதினருக்கு எந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது என்ற கணக்கைத்தான் எவரும் போடவில்லை.

புராஸ்டேட் சுரப்பி வீக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டிய ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இச்சுரப்பி ஓரளவேனும் பெருத்திருக்கும். இரவில் நான்கைந்து முறை எழ வேண்டும். சிறுநீர் தடைபட்டு வரும். பெரும்பாலோர் இதை வெளியில் சொல்லவே கூச்சப்படுவார்கள். தொல்லை குறைவாக இருந்தால் மருந்தே தேவையில்லை. மாலைக்குப் பிறகு நீர், தேநீரைக் குறைத்துக்கொண்டு கண்காணித்தால் போதும். அடுத்த படி டாம்சுலோசின் போன்ற மாத்திரை. சில நாள்களிலேயே சிறுநீர்ப் போக்கு சீராகத் தொடங்கும். சுரப்பியையே சுருக்கும் ஃபினாஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு ஆகியவை முழுப் பலன் தர ஆறு மாதங்கள் ஆகலாம். சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்வது, அடிக்கடி தொற்று, சிறுநீர்ப்பையில் கல், சிறுநீரகப் பாதிப்பு, மருந்துக்குக் கட்டுப்படாமை ஆகிய நிலைகளில்தான் அறுவைச் சிகிச்சை. சிறுநீர்ப் பாதை வழியே கருவியைச் செலுத்திச் சுரப்பியைச் சுரண்டி எடுப்பது பழகிய முறை. லேசர் முறையும் இப்போது பரவியுள்ளது.

ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஏற்பது இந்தக் கடைசிப் படியை மட்டுமே. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள்களும், வீடு திரும்பிய பிறகு 15 நாள்களும் கணக்கில் வரும். ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரைக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. மக்கள் மருந்தகத்தில் அது மலிவுதான். ஆனால், ஓய்வூதியமில்லாத விவசாயக் கூலிக்கு மாதந்தோறும் வரும் செலவு பெரிது, இலவசமாகக் கிடைக்கும் அறுவை எளிது. மருத்துவமனைக்கும் மாத்திரைச் சீட்டில் வருவாயில்லை. இரு தரப்பையும் கத்தியை நோக்கியே தள்ளுகிறது திட்டத்தின் அமைப்பு.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. முந்தைய ராஷ்ட்ரீய ஸ்வாஸ்திய பீமா திட்டத்தின்கீழ் பிகாரின் சமஸ்திபூரில் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டது 2012-இல் அம்பலமானது. அத்தகைய அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டதோ 2023-இல்தான்.

வெளிநோயாளிக்கு மருந்து கொடுக்க நாட்டில் வழி தெரியாமலில்லை. 1994-இல் தமிழகம் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தைப் பார்த்து, 2011-இல் ராஜஸ்தான் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதியோர் திட்டத்துக்கென ஒதுக்கிய ரூ. 3,437 கோடியில் ஒரு சிறு பங்கை ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருந்து அலமாரிக்குத் திருப்பலாம். அவசர நிலை தவிர, மருந்து கொடுத்துப் பார்த்ததற்கான சான்றில்லாமல் புராஸ்டேட் அறுவைக்கு முன் அனுமதி இல்லை என்றும் விதிக்கலாம். இந்த முன் அனுமதி விதிக்குப் புதிய சட்டமோ நாடாளுமன்ற ஒப்புதலோ வேண்டியதில்லை. தேசிய சுகாதார ஆணையத்தின் சுற்றறிக்கை ஒன்றே போதும்.