மல்லாட்டைக் கொல்லையில் பெயர்ப் பாடம்

'மாமியார் மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கப் போனால், மடி நிறையக் கீரையோடு திரும்புவார். எனக்குப் பாதிப் பெயர்தான் தெரியும். பிள்ளைகளுக்கு ஒன்றுகூடத் தெரியாது. அவருக்கும் வயதாகிறது. இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? எதையெல்லாம் நம்பிச் சாப்பிடலாம்?' என்று கேட்டிருக்கிறார், திண்டிவனம் பக்கத்து வாசகி ஒருவர்.

பாடத்தைக் கொல்லையின் பெயரிலிருந்தே தொடங்கலாம். மணிலாக்கொட்டைதான் விழுப்புரம் பக்கத்து வாயில் மல்லாட்டை ஆனது. டி.எம்.வி. 7 என்று விதை மூட்டையில் இருக்கிறதே, அந்த டி.எம்.வி. திண்டிவனத்தின் சுருக்கம். திந்திரிணி என்றால் புளி. புளியங்காடு இருந்த இடம்தான் திண்டிவனம் என்பார்கள். இந்த ஊரில் பெயர் எதுவும் சும்மா வந்ததில்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால், அடுத்த பெயரை அதுவே கேட்கும்.

விதைத்த 20, 25 நாளில் வரும் முதல் களைதான் நல்ல வகுப்பு. அப்போது தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் இளசாக இருக்கும். பண்ணை கதிர்போல வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துவிட்டால் முற்றல், கீரைக்கு ஆகாது. எருக்குழி ஓரத்தில் குப்பைக்கீரை. அதன் பக்கத்திலேயே குப்பைமேனியும் நிற்கும். பெயரில் பாதி ஒன்று, ஆனால் ஒன்று குழம்புச் சட்டிக்கு, மற்றது மருந்துக்கு. வேலியில் முடக்கத்தான், கோவை, முசுமுசுக்கை. ஐப்பசி மழைக்குப் பின் ஏரி ஓரத்தில் ஆரைக்கீரை வரும். அதற்கு நான்கு இலை. புளியாரைக்கு மூன்று இலை. புளியாரையை ஒரு முறை வாயில் போட்ட பிள்ளைக்குப் பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வினைச்சொற்களை விட்டுவிடக் கூடாது. கீரையைக் கிள்ளுகிறோம், ஆய்கிறோம், கடைகிறோம், கிழங்கை அகழ்கிறோம். எல்லாவற்றுக்கும் 'கட் பண்றது' என்று ஒரே சொல் வந்துவிட்ட வீட்டில், கொழுந்து எது, முற்றல் எது என்று பார்க்கும் கண்ணும் போய்விடுகிறது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் தேவநேயப் பாவாணரின் சொல்வளக் கட்டுரை இருக்கிறது. நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, கம்புக்குத் தட்டை என்று பிள்ளைகள் தேர்வுக்கு உருப்போடுகிறார்கள். அவற்றைக் கையில் பிடித்துப் பார்க்க வீட்டுக் கொல்லையே போதும்.

வட அமெரிக்காவில் சாலிஷ் மொழி பேசும் பழங்குடிகள் தங்கள் மொழியைப் பிள்ளைகளுக்குத் திரும்பச் சொல்லித்தரும்போது, இப்படி உணவுச் செடிகளின் வழியாகவும் போகிறார்கள். அவர்கள் உண்ணும் காமாஸ் கிழங்கு நீலப் பூப் பூக்கும். அதே புல்வெளியில் அதைப் போலவே கிழங்குள்ள நச்சுச் செடி ஒன்று வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளையாகப் பூக்கும். பூ இருக்கும்போதே அடையாளம் பார்த்து வைக்காதவர் கிழங்கில் கை வைக்கக் கூடாது.

நம் வேலியிலும் அப்படி ஒன்று உண்டு. செங்காந்தள் என்று மாநில மலராகப் போற்றுகிறோமே, அதன் அடியில் இருப்பதுதான் கண்வலிக்கிழங்கு. உயிரைப் பறிக்கும் நஞ்சு. காட்டு வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தோண்டிவிடக் கூடாது. காந்தள் இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக நீண்டிருக்கும். வள்ளிக்கொடி இலையில் அது இராது. ஆனாலும், இதைப் படித்துவிட்டு யாரும் கிழங்கு தோண்டக் கிளம்ப வேண்டாம். தெரிந்தவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டிய பாடம் இது. விழுப்புரம் மாவட்டத்தில் அந்தத் தெரிந்தவர் பெரும்பாலும் இருளர் குடும்பத்து மூத்தவராக இருப்பார். கிழங்கை எடுத்தபின் கொடியோடு ஒட்டிய தலைத்துண்டைக் குழியிலேயே விட்டு மண் மூடும் பழக்கத்தையும் அவர்களிடம் பார்க்கலாம். அவர்களிடம் கற்க அழைத்தால் ஒரு நாள் கூலியைக் கொடுத்து அழைப்பதே முறை. இலவசமாகக் கேட்பதற்கு அது மட்டமான சரக்கல்ல.

மாமியாரிடம் இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: எதைப் பறிக்காமல் விடுகிறார்? தரையோடு படரும் சாரணையும் மூக்கிரட்டையும் பார்வைக்கு நெருங்கிய சாதி. சில ஊர்களில் பெயரும் மாறி வழங்கும். சாரணை வயிற்றைப் போக்கும், கர்ப்பிணிக்கு ஆகாது என்று பெரியவர்கள் ஒதுக்குவார்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் புளியாரை, பருப்புக்கீரை இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

களைக்கொல்லி அடித்த கொல்லையில் மட்டும் இந்த வகுப்பே வேண்டாம். விதைத்த கையோடு பெண்டிமெத்தலினோ, பிறகு இமாசித்தபைரோ தெளித்திருந்தால், தப்பி முளைத்த கீரையும் சட்டிக்கு வரக் கூடாது. பக்கத்துக் கொல்லையில் அடித்தாலும் காற்றில் வரும். வரப்பை ஒட்டி நாலைந்து சாலை விட்டுத் தள்ளிப் பறியுங்கள். நெடுஞ்சாலை ஓரமும் கழிவுநீர் வாய்க்கால் ஓரமும் வேண்டவே வேண்டாம். ஆள் கிடைக்கவில்லை என்றுதான் மருந்து அடிக்கிறோம். அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. வீட்டை ஒட்டிய ஐந்து சென்ட்டை மட்டும் கைக்களைக்கு ஒதுக்கினால் கீரையும் கிடைக்கும், பாடமும் நடக்கும்.

40, 45 நாளில் இரண்டாம் களை எடுத்து மண் அணைத்தபின் விழுது இறங்கத் தொடங்கிவிடும். அதற்கப்புறம் பிள்ளைகளைக் கொல்லைக்குள் இறக்க முடியாது. நடுவில் கிடைப்பது மூன்று ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு பழைய நோட்டில் இலையை ஒட்டி, மாமியார் சொல்லும் பெயரை அவர் உச்சரிக்கிறபடியே எழுதச் சொல்லுங்கள்.