ஒப்பேற்றுவது வேறு, பழுதுபார்ப்பது வேறு

‘ஜுகாட்’ என்ற இந்திச் சொல் நம் கட்டுரையாளர்களுக்கும் பிடித்துப்போய்விட்டது. வட இந்தியக் கிராமங்களில் நீரிறைக்கும் டீசல் எஞ்சினை ஒரு சட்டகத்தின்மேல் பூட்டி ஓட்டும் வண்டிக்கு வழங்கிய பெயர் அது. 2012இல் ‘ஜுகாட் இன்னொவேஷன்’ என்ற ஆங்கில நூல் வெளிவந்தது. அதன்பின் மேலாண்மை வகுப்புகளில் அச்சொல் ஒரு தத்துவமாகவே உயர்ந்துவிட்டது. இருப்பதைக் கொண்டு எப்படியோ காரியத்தை முடித்துவிடும் இந்திய மேதைமை என்று அதற்கு விளக்கம் தருகிறார்கள். இந்தச் செயலுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: ஒப்பேற்றல். ஆனால் நம் மக்கள் அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை. ‘ஏதோ ஒப்பேத்திட்டான்’ என்று சொல்லும்போது குரலில் தொனிக்கும் சலிப்பைக் கவனியுங்கள். அந்தச் சலிப்பில் உள்ள விவேகம் மேற்படிப் புத்தகங்களில் கிடையாது.

இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. இந்த மோகத்தை வளர்த்ததில் நம் புனைகதைகளுக்கும் பங்குண்டு. நம் கதைகளில் வரும் மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். படிக்காத மேதை. எஞ்சினில் காதை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். கையில் அகப்பட்ட கம்பித்துண்டைச் செருகி, செத்த வண்டியை உயிர்ப்பித்து, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவார். நாம் புல்லரித்துப்போகிறோம். அந்தக் கம்பித்துண்டு மறுவாரம் என்ன செய்தது என்று எந்தக் கதாசிரியரும் எழுதுவதில்லை. நான் எழுத விரும்புவது அந்த மறுவாரத்தைப் பற்றி.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், மலை தொடங்கும் இடத்துக்கு அடிவாரம் என்றே பெயர். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஏற்றம். கீழே சேலத்தின் வெயில். மேலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், சேர்வராயனின் பனிமூட்டமும் காபித் தோட்டங்களும். 1947 முதல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த ஜீப்புகளும் பிக்கப்புகளும் இப்படிப்பட்ட தோட்டச் சாலைகளுக்கென்றே பிறந்தவை போல உழைத்தன. காபி மூட்டை, மிளகு, உரம், விறகு, கூலிக்குப் போகும் ஆட்கள் என எல்லாம் அவற்றின் முதுகில்தான். அப்படியொரு பழைய பிக்கப், ‘ஹீட்டர் வேலை செய்யவில்லை, விளக்கு மங்கலாக எரிகிறது’ என்ற புகாருடன் மலையடிவாரப் பட்டறை ஒன்றுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம்.

‘தமிழ்நாட்டில் வண்டிக்கு எதற்கு ஹீட்டர்?’ என்று சிரிப்பவர்கள் மார்கழி அதிகாலையில் அந்த வளைவுகளில் வண்டி ஓட்டியிராதவர்கள். ஈர உடையோடு மூன்று பேர் முன்னிருக்கையில் நெருக்கி உட்கார்ந்தால் போதும், அவர்கள் மூச்சே முன்கண்ணாடியின் உட்புறத்தில் திரையாகப் படியும். வெளியே இருக்கும் வைப்பர் அதைத் துடைக்காது. கண்ணாடியின்மீது வெப்பக்காற்று பட்டால்தான் அது விலகும். ஹீட்டர் இல்லாத ஓட்டுநர் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறுகையில் துணியுமாக, பாதிக் குருடராக வளைவில் திரும்புகிறார்.

ஹீட்டர் மர்மமான கருவி அன்று. எஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறிய நீரின் ஒரு பகுதி, ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக உள்ளே வந்து, சின்ன ரேடியேட்டர் ஒன்றில் நுழைந்து, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பிப் போகிறது. ஒரு மின்விசிறி அதன் ஊடாகக் காற்றைத் தள்ளுகிறது. அவ்வளவுதான். பழுதைக் கண்டறிய எஞ்சினை நன்றாகச் சூடாகவிட்டு இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பார்த்தால் போதும். இரண்டும் சுட்டால் நீரோட்டம் சரி, கோளாறு விசிறியிலோ காற்றுவழியிலோ இருக்கிறது. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் குழாயோ ரேடியேட்டரோ அடைத்திருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் எஞ்சினே போதிய சூட்டை எட்டவில்லை என்று பொருள்.

மூன்றாவதாகச் சொன்னதில்தான் நம் ஒப்பேற்றல் மரபின் முழு லட்சணமும் தெரிகிறது. எஞ்சின் சுமார் 80 டிகிரிச் சூட்டை எட்டும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைப்பது தெர்மோஸ்டாட் என்ற சிறிய வால்வு. ஒருமுறை அது சிக்கி எஞ்சின் கொதித்ததும், ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?’ என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். பிறகு வண்டி கொதிப்பதில்லை. வாடிக்கையாளர் மகிழ்கிறார். ஆனால் அன்றிலிருந்து அந்த எஞ்சின் குளிரிலேயே ஓடுகிறது. எரிபொருள் வீணாகிறது, சிலிண்டர் சீக்கிரம் தேய்கிறது, ஹீட்டரில் சூடு வருவதில்லை. அடுத்து வரும் மெக்கானிக், தெர்மோஸ்டாட் இல்லாதது தெரியாமல், ஹீட்டரைக் குறைசொல்லி அதன் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்துவிடுகிறார். இதுவும் ஒரு ‘சமயோசிதம்’தான். இப்படி ஒரு சாமர்த்தியத்தின்மேல் இன்னொன்றாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் கண்ணாடியைத் துடைக்கும் துணியில் வந்து நிற்கிறோம்.

அடைப்புக்கும் இதே கதைதான். கூலண்ட் விலை அதிகம் என்று கிணற்று நீரை ஊற்றுவார்கள். உப்பும் துருவும் ஹீட்டரின் மெல்லிய குழாய்களில் படியும். அதைக் கழற்றி, நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் நீரைச் செலுத்தி அலசி, எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்து, மறுபடி அலசி, தொட்டி நீரில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துப் பற்றவைக்க வேண்டும். ஒரு நாள் வேலை. ஹோஸை இணைத்துவிடுவது பத்து நிமிட வேலை. ஆனால் சுமையுடன் ஏறும்போது எஞ்சின் சூடு கூடினால், ஹீட்டரைத் திறந்துவிட்டு ஓரளவு தணிக்கலாம். அது ஓர் இரண்டாம் ரேடியேட்டர். 1500 மீட்டர் உயரத்தில் நீர் 95 டிகிரி அளவிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைச் சரியாகத் தாங்காத வண்டிக்கு அந்தத் தணிப்பு உயிர்நாடி. பத்து நிமிடத்தில் மிச்சம் பிடித்தது எதை என்று இப்போது கணக்குப் பார்க்கலாம்.

ஹீட்டர் கெட்டால் துணி இருக்கிறது. ஒயரிங் கெட்டால் தீ.

பழைய வண்டியின் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெடித்து உதிரும் உறைகள். சிவப்பு ஒயரின் நடுவில் மஞ்சள் ஒயர், மஞ்சளின் முடிவில் வீட்டு மின்கம்பி. முறுக்கிச் சுற்றிய டேப். தகரத்தில் துளையிட்டு, ரப்பர் வளையமில்லாமல் இழுத்த கம்பி. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள். பியூஸ் காப்பது விளக்கை என்று நினைக்கிறோம். அது காப்பது ஒயரை. ஈயத்தாள் எரியாது, அதற்குப் பதில் ஒயர் எரியும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்புகளை மாட்டுகிறார்கள். இரண்டு பல்புக்கும் சேர்த்து 12 வோல்ட்டில் ஏறக்குறைய 17 ஆம்பியர், பழைய ஒயரிலும் பழைய சுவிட்சிலும் ஓடுகிறது. பல்புக்கு முன் ஸ்விட்ச் சூடாகிறது. பெரும்பாலும் விளக்கு மங்கியதற்குக் காரணம் பல்பே இல்லை, துருப்பிடித்த எர்த் இணைப்பு. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியிருந்தால் பழைய பல்பே பளிச்சென எரிந்திருக்கும். பாட்டரி முனைக்கும் பல்பின் முனைக்கும் இடையே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று, விளக்கை எரியவிட்டு மீட்டரில் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

லூகாஸ் முறையில் ஒயரிங் செய்த வண்டிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள் உண்டு. பழுப்பு என்றால் பியூஸ் வழியாகப் போகாமல் பாட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம், வெள்ளை இக்னிஷன், பச்சை, சாவி திருப்பியபின் பியூஸ் வழியே வருவது, நீலம் முகவிளக்கு, கறுப்பு எர்த். அது ஒரு மொழி. முதலில் பூட்டியவர், பின்னால் திறக்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்கு எழுதிவைத்த கடிதம் என்றும் சொல்லலாம். கையில் கிடைத்த ஒயரை இடையில் ஒட்டுகிறவர் அந்தக் கடிதத்தைக் கிழிக்கிறார்.

இந்த இடத்தில் இலக்கிய வாசகர்களுக்குப் பழக்கமான ஒன்றை நினைவூட்டுகிறேன். ஓலைச்சுவடிகள் நிரந்தரமானவை அல்ல. மீண்டும் மீண்டும் பிரதி எடுக்கப்பட்டதால்தான் நம் நூல்கள் பிழைத்தன. பிரதி எடுத்தவர்களில் இரு வகை. செல்லரித்த இடத்தில் தமக்குத் தோன்றிய சொல்லைப் போட்டு ஓசையை நிரப்பி, குறை இருந்ததே தெரியாமல் செய்தவர்கள் ஒரு வகை. உ.வே. சாமிநாதையர் இன்னொரு வகை. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த அவர், பல சுவடிகளை ஒப்பிட்டார், பாடபேதங்களைக் குறித்தார், சிதைந்த இடங்களைச் சிதைந்தவையாகவே காட்டினார். முன்னவர் ஒப்பேற்றினார், பின்னவர் பழுதுபார்த்தார். எது எங்கே குறைகிறது, தான் எங்கே கைவைத்தேன் என்று அடுத்தவருக்குச் சொல்லிவைப்பதில்தான் வேறுபாடு. முன்னவரின் திறமையை யாரும் மறுக்கவில்லை. யாப்பு தெரியாதவர் ஓசையை நிரப்ப முடியுமா? ஆனால் அந்தத் திறமையால் நாம் இழந்த பாடங்கள் எத்தனை.

‘ஏழைகளின் சமயோசிதத்தைப் பழிக்கிறீர்கள்’ என்று ஒரு மறுப்பு வரும். பட்டறைக்காரரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவருக்குப் பெரும்பாலும் முறையான வேலை தெரியும். அதற்குக் காசு தர ஆளில்லை. ‘இப்போதைக்கு ஓடினா போதும்’ என்ற வாசகத்தை உச்சரிப்பது வண்டியின் உரிமையாளர். மூன்று நாள் முதுகை வளைத்து ஒயரிங் முழுவதையும் மாற்றியதற்குக் கூலி கேட்டால், ‘என்ன சாமான் போட்டீங்க, நாலு முழம் ஒயர்தானே?’ என்கிறார். கண்ணுக்குத் தெரியும் சாமானுக்கு விலையுண்டு, அறிவுக்கு இல்லை. மெக்கானிக்கைப் பிறவி மேதை என்று நாம் எழுதும் கதைகள் இதற்கே துணைபோகின்றன. பிறவியிலேயே வந்ததற்கு எவர் கூலி தருவார்?

அரசாங்கத்தின் பார்வையும் இதிலிருந்து பெரிதாக விலகவில்லை. 2021 ஜூலையில் வந்த விதிகள், 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று மதித்து, 20,000 ரூபாய் கட்டணத்தில் தனிப் பதிவெண் தருகின்றன. ஆனால் அதை அன்றாட உபயோகத்துக்கோ தொழிலுக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. அடுத்த மாதமே பழைய வாகனங்களைக் கழித்துக்கட்டும் கொள்கை தொடங்கியது. வேலையை நிறுத்தினால் மரியாதை உண்டு, அல்லது இரும்பு விலை உண்டு. இன்னும் மூட்டை சுமக்கும் வண்டிக்குத் தகுதிச் சோதனையும் கட்டணமும் மட்டுமே. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பாக வேண்டும், புகைக்கும் பிரேக்குக்கும் ஒயரிங்குக்கும் சேர்த்தே வேண்டும். தேறாத வண்டி சாலையில் இருக்கக் கூடாது. ஆனால் தேறும்படி வைத்திருப்பதற்கான அறிவு யாரிடம் இருக்கிறது, அதை எப்படிக் காப்பது என்ற கேள்வியும் அந்தக் கொள்கையில் இடம்பெற்றிருக்க வேண்டும். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. வாகனங்களும் அதன் வரம்பில் உண்டு. உரிமை என்பது கையேடும் ஒயரிங் வரைபடமும் உதிரிப் பாகமும் கிடைப்பது. கிடைத்த வரைபடத்தைப் படிக்கிறவருக்குக் கூலி கிடைப்பதும் அதில் சேர வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்தமுறை பட்டறைக்குப் போகும்போது, எந்த ஒயர் எங்கே போகிறது, எதை மாற்றினீர்கள், எதை மாற்றாமல் விட்டீர்கள் என்று ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். தாளை வண்டியிலேயே வையுங்கள். கதை எழுதுபவர்கள், உங்கள் அடுத்த மெக்கானிக்கின் கையில் ஒரு மீட்டரையும் ஒரு பென்சிலையும் கொடுங்கள். அவர் கட்டிய ஒயர் மறுவாரமும் எரியாமல் இருக்கட்டும்.