சாய்ந்து பார்க்கும் கண்

ஐப்பசி, கார்த்திகையில் பெரம்பலூர் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் வளர்ந்து நிற்கும். விண்ணிலிருந்து அவற்றைப் பார்த்தாக வேண்டிய அந்த நாட்களில்தான் மேகம் கவிந்து ஒளிக்கேமராவின் கண்ணை மறைத்துவிடும். அப்போது கைகொடுப்பது ரேடார்.

இந்தியாவிலேயே உருவான முதல் ரேடார் படமாக்கச் செயற்கைக்கோளான ரிசாட்-1, 2012 ஏப்ரல் 26 அன்று ஏவப்பட்டது. எடை 1,858 கிலோ. அதன் திட்ட இயக்குநர் என். வளர்மதி அரியலூரில் பிறந்தவர்.

நேர்கீழே பார்க்கும் ரேடாருக்கு இடப்புற வயலும் வலப்புற வயலும் ஒரே தொலைவுதான், எதிரொலிகள் கலந்துவிடும். எனவே ரிசாட்-1 தன் உடலையே பக்கவாட்டில் 36 பாகை சாய்த்துப் பார்த்தது. சாய்த்தவை எதிர்வினைச் சக்கரங்கள்; சக்கரங்களில் சேரும் கோண உந்தத்தைப் புவிக்காந்தப் புலத்தில் இறக்கிவைக்கக் காந்த முறுக்கிகள்; துணைக்கு ஹைட்ரசீன் உந்திகள். துருவப் பாதையில் இன்னொரு திருப்பமும் தேவை. நிலநடுக்கோட்டில் தரை நொடிக்கு சுமார் 465 மீட்டர் கிழக்கே நகர்கிறது. அதனால் எதிரொலியின் அதிர்வெண்ணில் எழும் டாப்ளர் விலகலை நீக்க, செங்குத்து அச்சைச் சுற்றி ஏறத்தாழ 4 பாகை வரை செயற்கைக்கோளைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும்.

இங்கேதான் நாம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கேமராவில் திசையமைவு, அதாவது செயற்கைக்கோள் நோக்கும் திசை, பிசகினால் படம் இடம் மாறும். ஏரி ஊருக்குள் வந்து நிற்கும், யார் கண்ணிலும் படும். ரேடாரிலோ புள்ளியின் இடத்தைத் தொலைவும் டாப்ளரும் தீர்மானிக்கின்றன. படம் இருந்த இடத்திலேயே இருக்கும். 536 கிலோமீட்டர் உயரத்தில் 0.1 பாகை பிசகினால் ரேடார் கற்றை தரையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் விலகும். ஆனால் அந்த விலகல், தரையிலிருந்து திரும்பி வரும் பின்சிதறல் அளவின் ஏற்ற இறக்கமாகவே வெளிப்படும். கற்றையின் ஓரத்தில் விழுந்த வயல் மங்கலாகும். விவரம் அறியாதவர், பயிர் கருகியது என்று எழுதிவிடலாம்.

2022இல் ஏவப்பட்ட இஓஎஸ்-04, 2025இல் 12 மீட்டர் அலைவாங்கியுடன் ஏவப்பட்ட நிசார் என ரேடார் செயற்கைக்கோள்களின் தரவு பெருகிவருகிறது. திசையமைவுப் பதிவு கட்டுப்பாட்டுக் குழுவின் கோப்போடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு படத்தோடும் அது பயனரிடம் போய்ச் சேர வேண்டும். அதைப் படிக்கப் பயிர் ஆய்வாளருக்குக் கற்றுக்கொடுப்பதும் நம் வேலைதான். வயல் மங்கியதா, கற்றை விலகியதா என்பதை அவரே பிரித்தறிய முடிய வேண்டும்.

– ஆசிரியர்