சார் நம்பர் கொடுங்க மேடம்

கடலூரில் ஒரு கார் சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் நடப்பதை ஓர் இடத்தின் தலையில் கட்டினால் மற்ற இடங்கள் தப்பித்துவிடும். காலை ஒன்பதரைக்கு வண்டியை விட்டேன். கிளட்ச்சை மிதித்தால் ஒரு சத்தம் வந்தது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி இழுக்கவில்லை. சர்வீஸ் அட்வைசர் இருபத்தைந்து வயதுப் பையன். நான் சொன்னதை ஜாப் கார்டில் எழுதாமல், "சார் வரலையா மேடம்?" என்றார். வரவில்லை என்றேன். "சார் நம்பர் கொடுங்க மேடம்" என்றார். என் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து என் கணவரிடமிருந்து போன் வந்தது. "கிளட்ச் செட் மாத்தணுமாம். இன்ஜின் ஃப்ளஷ், ஏசி கிளீனிங் எல்லாம் சேர்த்துப் பத்தொன்பதாயிரம் ஆகுமாம். சரின்னு சொல்லிட்டேன்." அட்வைசரின் மேசைக்கும் என் நாற்காலிக்கும் நடுவே இருபது அடிகூட இராது. பழைய பில் எதிலிருந்தோ அவருடைய எண்ணைத் தேடி எடுத்து, சிதம்பரத்தில் வேலையில் இருந்த மனிதரை அழைத்து, கடலூரில் எதிரே உட்கார்ந்திருந்த என் காருக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள்.

ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. தவணை என் சம்பளத்தில் போகிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே நாற்பத்தைந்து கிலோமீட்டர் தினமும் ஓட்டுவது நான். என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அன்று இரவு அவரிடம் கேட்டேன், "கிளட்ச்னா என்னன்னு தெரியுமா?" தெரியாது என்றார். "அப்புறம் ஏன் சரின்னு சொன்னீங்க?" கொஞ்ச நேரம் யோசித்து, "அவ்ளோ மரியாதையா கேக்கறப்ப தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார். அவர் நல்ல மனிதர், உண்மையைத்தான் சொன்னார். அறியாத ஆணிடம் கேட்பார்கள். அறிந்த பெண்ணிடம் கேட்க மாட்டார்கள். கேட்கப்பட்டவனும் தன் அறியாமையைச் சொல்ல முடியாமல் தலையாட்டுவான்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தது உண்மைதான். பழைய பிளேட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்தேன். மற்ற இரண்டும் வேண்டாம் என்று அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். ஆகவே இது ஏமாற்றுக் கதை இல்லை. சர்வீஸ் சென்டரில் ஆண்களும் ஏமாறுகிறார்கள், ஆனால் அவர்களைக் கேட்டுவிட்டு ஏமாற்றுகிறார்கள். நம்மைக் கேட்பதே இல்லை. என் வழக்கு அந்த அனுமதியைப் பற்றியது: என் பொருளைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் நான் இருக்க, முடிவு ஏன் இன்னொருவரைத் தேடிப் போகிறது?

புதுக் கார் டெலிவரி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். போட்டோ எடுப்பவர், "சார், சாவியைப் பிடிங்க. மேடம், நீங்க தட்டைப் பிடிங்க" என்பார். பதிவு யார் பெயரில் என்று அவர் கேட்பதில்லை. கேட்காமலே அவருக்குத் தெரிகிறது. நமக்கும் தெரிவதால் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம்.

தமிழ் படிக்கும் மாணவிகளுக்கு இது புதிதாக இருக்காது. முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். தலைவன் வினை முடித்துத் தேரில் திரும்புகிறான், பாகனை விரைந்து செலுத்தச் சொல்கிறான். தலைவி வீட்டிலிருந்து தேரின் மணியோசைக்குக் காத்திருக்கிறாள். முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்த பாரியை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவன் இறந்தபின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் மணந்துகொள்ளுமாறு கேட்டார். புறநானூறு அதையும் சொல்கிறது. கொடிக்குக்கூடத் தேர் கிடைத்தது, பாரி மகளிருக்கு என்ன கிடைத்தது என்று எத்தனை வகுப்பறைகளில் கேட்டிருக்கிறோம்?

காரின் வரலாறும் இப்படித்தான் தொடங்குகிறது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் தொழிலைக் காப்பாற்றியது அவர் மணக்கவிருந்த பெர்தாவின் சீதனப் பணம். 1886இல் மோட்டார் வண்டிக்கான காப்புரிமை கார்லின் பெயரில் பதிவானது. வண்டியை வாங்க ஆளில்லாமல் கிடந்தபோது, 1888 ஆகஸ்டில் பெர்தா கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்கு ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். எரிபொருள் குழாயில் அடைப்பு வந்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். உலகத்தில் முதல்முதலாக ஒரு காரை நெடுந்தூரம் ஓட்டியதும் வழியிலேயே சர்வீஸ் செய்ததும் ஒரு பெண். நல்லவேளை, வழியில் யாரும் "சார் வரலையா?" என்று கேட்டு வண்டியை நிறுத்தி வைக்கவில்லை.

பணம் அவளுடையது, பெயர் அவனுடையது என்பது பெர்தாவின் காலம். நம் காலம் வேறு. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் சமபங்கு கொடுத்தது. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் தந்தார்கள். 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் ரூபாய் வரையான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. எல்லாம் போராடிப் பெற்றவை, எதையும் நான் குறைத்துப் பேசவில்லை. பெயர் நம்முடையதாகிவிட்டது. ஆனால் பெயர் நமக்கு வந்த அதே நேரத்தில், அதிகாரம் பெயரை விட்டுவிட்டு நம்பருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. போன் நம்பரைச் சொல்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லும் செய்தி எந்த நம்பருக்கு வருகிறது? ஓடிபி யாருக்கு வருகிறது? 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் கொத்தட்டை சுங்கச்சாவடியை ஒரு பெண் கடந்தால், ஃபாஸ்டேக்கோடு இணைத்த போனுக்கு அடுத்த நிமிடம் செய்தி போகிறது. அந்தப் போன் கணவனுடையது என்றால், அவள் எங்கே போனாள் என்று யாரும் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது வரும் புதுக் கார்கள் பலவற்றில் செயலி இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது, குறித்த எல்லையைத் தாண்டியதா என்பதையெல்லாம் அது காட்டும். விற்கும்போது இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறார்கள். முன்பு தெருமுனை டீக்கடையிலிருந்து பார்த்துச் சொன்னதை இப்போது வண்டியே சொல்கிறது. காரின் பெயர் அவளுடையது, காரின் பேச்சு அவனோடு.

இதை அற்பக் குறை என்று நினைப்பவர்களுக்கு: கல்யாணச் சந்தையில் கார் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். 2021 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஆயுர்வேத மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் கணவன் வீட்டில் இறந்தாள். வரதட்சிணையாகக் கொடுத்த கார் தனக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தக் கணவனின் குறைகளில் ஒன்று. அவன் பார்த்த வேலை, மோட்டார் வாகனத் துறையில் உதவி ஆய்வாளர். 2022 மே மாதம் விசாரணை நீதிமன்றம் அவனுக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2025 ஜூனில் திருப்பூர் மாவட்டத்தில், மணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பெண் இறந்த செய்தியிலும் நகைக் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு விலையுயர்ந்த கார் இருந்தது. செய்தித்தாள்கள் காரின் விலையை எழுதின. சாவி யார் கையில் இருந்தது என்பது செய்தியாகவில்லை.

பெண்ணுக்காக வாங்கி, பெண்ணோடு அனுப்பி, பெண்ணுக்கு இல்லாமல் போகிற பொருள் கார். சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, வேறு யார் வாங்கியிருந்தாலும் அதை மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் பெண்ணின் முழு உடைமை, கணவன் வீட்டில் இருப்பதாலேயே அது கணவனுடையதாகாது என்றது. சட்டப்புத்தகத்தில் கார் அவளுடையதுதான். ஆனால் அந்தக் காரைச் சர்வீஸுக்கு விடப் போனால் முதல் கேள்வி, "சார் நம்பர்?" கொல்லத்து வீட்டுக்கும் கடலூர் கண்ணாடி அறைக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் இரண்டு இடத்திலும் ஓடுகிற எண்ணம் ஒன்று: அவள் வழியாக வந்த பொருள், அவளுடையதல்ல.

"கார் வைத்திருப்பவள் பேசுகிறாள்" என்று என் மாணவிகளில் சிலர் நினைக்கலாம். நியாயம்தான். அவர்களில் பலர் கட்டணமில்லாத மகளிர் பேருந்தில் வருகிறார்கள். 2021 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டம் நான் கார் வாங்கியதைவிடப் பெரிய காரியம். நான் காருக்காக வாதாடவில்லை. எல்லோரும் கார் வாங்கினால் இந்தச் சாலை தாங்காது. சைக்கிளோ ஸ்கூட்டியோ காரோ, ஓட்டத் தெரிந்த பெண்ணுக்கு அந்த வண்டியின் மேல் அதிகாரம் இருக்கிறதா என்பதே கேள்வி.

புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள், முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று. கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருக்க அவர்கள் ஓட்டிப் போனார்கள். 1993இல் குமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநரானார். இவர்களுக்குப் பிறகும் நான் கண்ணாடி அறையில் சும்மா உட்கார்ந்திருந்தால் அது என் தவறும்தான்.

ஆகவே, தோழிகளே, சில காரியங்கள். ஜாப் கார்டில் உங்கள் எண்ணை எழுதச் சொல்லுங்கள், பழைய எண்ணைக் கண்ணெதிரே நீக்கச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பாகத்தைக் கேளுங்கள். அழுக்காக இருக்கும் என்பார்கள், இருக்கட்டும். ஃபாஸ்டேக், செயலி, இன்ஷூரன்ஸ் மூன்றிலும் யாருடைய எண் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. பெண்ணுக்குக் கார் கொடுத்து அனுப்பும் பெற்றோரிடம் ஒரு வார்த்தை: கொடுக்காதீர்கள். ஓட்டுநர் உரிமம் எடுத்துக் கொடுங்கள்.

கிளட்ச் மாற்றிய ஆறாவது மாதம் அதே இடத்திலிருந்து போன் வந்தது. பேசியது ஓர் இளம்பெண். பட்டறைக்குள் ஆண்கள், ரிசப்ஷனிலும் கேஷ் கவுண்டரிலும் போனிலும் பெண்கள் என்பது அங்கே ஏற்பாடு. "வணக்கம் மேடம், வண்டிக்கு சர்வீஸ் டேட் வந்துடுச்சு. சார் இருக்காங்களா?" எழுதிக் கொடுத்ததைத்தான் அவள் படிக்கிறாள். கோபம் வரவில்லை. "வண்டி என்னோடதும்மா. எங்கிட்டயே சொல்லு" என்றேன். தயங்கி, "சாரி மேடம்" என்றாள். பேச்சுவாக்கில், நீ எதில் வேலைக்கு வருகிறாய் என்று கேட்டேன்.

"ஸ்கூட்டி மேடம். என் சம்பளத்துல டியூ கட்டறேன்."

"யார் பேர்ல இருக்கு?"

"அண்ணன் பேர்ல."

"உன் பேர்ல மாத்த முடியும், தெரியுமா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. கூட இருந்த சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்படி மேடம்?" என்றாள்.

படிவம் 29, படிவம் 30 என்றேன். தவணை முடியும் முன்பே மாற்றுவதென்றால் கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும், அதைக் கேட்பதுதான் கஷ்டம். எழுதிக்கொள்வது போனில் கேட்டது. "நம்பரும் உன்னோடதையே குடு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.