பவர் ஸ்டீயரிங் ஆயிலும் பக்கத்து வாய்க்காலும்

"பவர் ஸ்டீயரிங் ஆயில் மாத்தணுமா? அதெல்லாம் லைஃப் டைம் சார், கை வைக்காதீங்க."

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஷெட்டுல எனக்குக் கிடைச்ச உபதேசம். யாரோட லைஃப்ணே, என்னுதா ஸ்டீயரிங்குதான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே அடுத்த வண்டிக்கு அடியில போயிட்டாரு. :-)

நம்ம வண்டி பழைய லான்சர். 1998-ல இதே திருவள்ளூர்ல, இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில மிட்சுபிஷி கூட்டோட தயாராக ஆரம்பிச்ச வண்டி. இன்னிக்கு அங்கே சிட்ரோன் கார் தயாராகுது. மறைமலை நகர்ல ஐகான் தயாரிச்ச ஃபோர்டும் 2021-ல கடையைக் கட்டுறோம்னு அறிவிச்சுட்டாங்க. கம்பெனிங்க போயிடுச்சு, வண்டிங்க மட்டும் நம்ம தெருவுல ஓடிக்கிட்டிருக்கு. இந்த அநாதை வண்டிகளைப் பார்க்க ஓனரை விட்டா யாரு இருக்கா? அதனாலதான் "உனக்கு எதுக்குப்பா இந்த வேலை"ன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வருது.

லைஃப் டைம்ங்கிறது சுத்த ஏமாத்து. ஸ்டீயரிங்கை முழுசா ஒரு பக்கம் ஒடிச்சுப் பிடிக்கும்போது அந்தக் குழாய்க்குள்ள இருக்கிற அழுத்தம், டயர்ல இருக்கிற காத்தழுத்தத்தை விட முப்பது மடங்குக்கும் மேல. அந்த அழுத்தத்தைச் சுமக்கிறதும் ஆயில்தான், பம்பு தேயாம பார்த்துக்கிறதும் அதே ஆயில்தான். சூடாகி சூடாகிக் கருக்கும், பம்பு தேஞ்ச இரும்புத் தூளும் ரப்பர் துகளும் அதுலயே சுத்தி வரும். செவப்பா போன ஆயில் டிகாஷன் கலர்ல வந்தா அது இன்னும் எந்த லைஃப்ல இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

இன்னொரு கோஷ்டி இருக்கு, "ஏதோ ஒரு ஆயில் ஊத்துங்க சார்" கோஷ்டி. லான்சருக்கு டெக்ஸ்ரான் ரக ஏடிஎஃப். ஹோண்டாவுக்கு அவங்களோட தனி ஆயில். சில ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை கலர்ல வேற ஒண்ணு. வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கிறதைத் தவிர வேற எதுவும் வேணாம். அவசரத்துக்குன்னு பிரேக் ஆயிலை ஊத்தினீங்கன்னா சீல் எல்லாம் ஊதிப்போய் ராக்கே ஒழுகும். அப்புறம் ஸ்விஃப்ட் மாதிரி எலக்ட்ரிக் ஸ்டீயரிங் வண்டி வெச்சிருக்கிறவங்க பில்லுல "ஸ்டீயரிங் ஆயில்"னு இருந்தா கொஞ்சம் சத்தமாவே கேளுங்க. அதுல ஆயிலே கிடையாது!

வேலை என்ன பெரிய ராக்கெட்டா? முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தணும் (செங்கல் அடுக்குற விளையாட்டு வேண்டாம், உயிர் போயிடும்). பின் டயருக்குக் கட்டை. டப்பாவுல இருக்கிறதை சிரிஞ்சால உறிஞ்சிட்டு, ராக்குல இருந்து திரும்பி வர்ற ஹோஸைக் கழட்டி ஒரு பாட்டிலுக்குள்ள விடணும். டப்பாவுல அந்த ஓட்டையை அடைச்சுடணும். இஞ்சின் ஆஃப்லயே இருக்கட்டும். சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் லாக்கை மட்டும் எடுத்துட்டு, வீட்டுல ஒருத்தரை உட்காரவெச்சு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு மெதுவா திருப்பச் சொல்லணும். நீங்க புது ஆயில் ஊத்திக்கிட்டே இருக்கணும். டப்பா காலியாச்சுன்னா காத்து புகுந்துடும், அப்புறம் பம்பு முனகும். ஹோஸ்ல செவப்பு வந்ததும் பழையபடி மாட்டிட்டு, இஞ்சின் ஆஃப்லயே இன்னும் பல தடவை திருப்பிக் காத்தை எடுக்கணும். அப்புறம்தான் ஸ்டார்ட். கோடியில அஞ்சு செகண்டுக்கு மேல பிடிக்கக் கூடாது. இஞ்சினை நிறுத்தினதும் டப்பாவுல ஆயில் மட்டம் அரை சென்டிமீட்டர் அளவுக்கு எகிறிச்சுன்னா உள்ளே இன்னும் காத்து இருக்குன்னு அர்த்தம். மறுபடி முதல்ல இருந்து.

இதுல ஒழுகுற ராக் சரியாகாது, தேஞ்ச பம்பு புதுசாகாது. அதையும் சொல்லிடறேன்.

சரி, இதுவரைக்கும் மத்தவங்களைத் திட்டியாச்சு. இனி நம்மாளுங்களை.

"நானே செஞ்சேன்"னு காலரைத் தூக்கி விட்டுக்கிறோமே, அந்தப் பழைய ஒரு லிட்டர் எங்கே போச்சு? வாசல்ல வாய்க்கால், இல்லேன்னா பின்னாடி காலி மனை. பெரியவங்க கேட்டா "கரையானுக்கு நல்லது"ன்னு கதவு நிலையில தடவக் கேப்பாங்க. நம்ம சிப்காட்டுல வேலை பார்க்கிற எத்தனையோ பேருக்குத் தெரியும்: கம்பெனியில பழைய ஆயில்னா அபாயக் கழிவு. டிரம், லேபிள், பதிவேடு, அங்கீகாரம் வாங்கின ஆள்கிட்ட ஒப்படைச்ச சீட்டு, எல்லாம் வேணும். 2016 விதிகள் அப்படி. அதே ஆள் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்து அதே சரக்கை வாய்க்கால்ல கவுக்கிறாரு. கேட்டா "ஒரு லிட்டர்தானே". பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், பூண்டின்னு ஆரணியாறு, கொசஸ்தலையாத்துப் பக்கம் இருக்கிற கிணறுகள்ல இருந்து சென்னைக்குத் தண்ணி எடுக்கிறாங்க சாமி. 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிஞ்சப்போ நாமதானே பொங்கினோம்?

ஆனா தப்பு நம்ம மேல மட்டும் இல்லை. 2023-லயே விதியைத் திருத்தி, ஆயில் தயாரிக்கிறவங்க பழைய ஆயிலுக்கும் பொறுப்புன்னு சொல்லியாச்சு. 2024 ஏப்ரல்ல இருந்து அமல். பெரிய கம்பெனி டிரம்முக்கு ஆள் வருது. என் ஒரு லிட்டருக்கு? புது பாட்டிலை வித்த கடைக்காரரே பழசையும் வாங்கி வெச்சுக்கணும்னு கட்டாயம் பண்ணா என்ன? காலி பீர் பாட்டிலுக்கும் பழைய பேட்டரிக்கும் ஆள் இருக்குற ஊர்ல இதுக்கு மட்டும் ஏன் இல்லை?

நானும் என் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். கம்பெனி டிரம்முல ஊத்தலாமான்னு கேட்டேன், கணக்குல இடிக்கும்னுட்டாங்க. ரெண்டு சர்வீஸ் சென்டர்ல "எங்க வண்டி ஆயில் மட்டும்தான்". கடைசியா ஒரு ஷெட்டுல சந்தோஷமா டிரம்மைக் காட்டினாங்க. இதை யாருண்ணே எடுத்துட்டுப் போவாங்கன்னு கேட்டேன். "சென்ட்ரிங் பலகைக்குத் தடவ ஆளுங்க வருவாங்க சார், மிச்சம் அப்படியே பின்னாடி"ன்னு கையைக் காட்டினாரு. பின்னாடி வாய்க்கால்.

பாட்டிலைத் திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன். பரண்ல இருக்கு, லேபிள் ஒட்டி.