மழையை வேடிக்கை பார்த்தவர்கள்

மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அங்கேயும் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாகவும் கி.ராஜநாராயணன் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல்காரர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அந்தச் சம்சாரியை (விவசாயியை)ப் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக உட்காரவைத்தது.

அவர் ஊர்க் கரிசல் மண்ணில் மழையைப் பார்ப்பது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பி, அது வருவதற்கு முன்பே புழுதியில் விதையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிற பூமி. எந்த மேகம் பெய்யும், எது ஏய்த்துவிட்டுப் போகும் என்று கண் பழகியிருக்க வேண்டும். ஈரம் பட்டால் உப்பி, நடப்பவர் காலைக் கவ்வுகிற அதே மண், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ரயில் பயணிக்கு இது வெறும் பொட்டல்.

மழை பழக்கிய இந்தக் கவனத்தை, ‘இந்தக் கணத்தில் இருப்பது’ என்று பெயரிட்டுக் கற்றுத்தருவதாகச் சொல்லி இன்று செல்போன் செயலிகள் சந்தா வாங்குகின்றன. அழகு என்றால் அருவியும் பனியும்தான் என்ற நினைப்பு அந்த வியாபாரத்துக்கு வசதி. இடைசெவலின் இன்னொரு பிள்ளை கு.அழகிரிசாமியோ, காட்டுக்குள் நிற்கும் ஒரு சின்ன ரயில் நிலையத்தை வைத்தே ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ எழுதினார். இதனால் யாருக்கு என்ன பயன் என்று ஒருவர் நினைக்கிற இடம், கதை முடிவதற்குள் கிராமத்துப் பிள்ளைகள் படிக்கப் புறப்படும் வாசலாகிவிடுகிறது.

கோவில்பட்டியில் நகைக்கடை வைத்திருந்த தேவதச்சன், அன்றாடத்தின் சின்னஞ்சிறு கணங்களைக் கவிதையாக்கி 2015-இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்க் கடலைமிட்டாயிலும் இந்தக் கவனம் உண்டு. கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி எடுப்பார்கள். பதம் தப்பினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், அல்லது கசக்கும். பாகு அடுப்பில் இருக்கையில் வேறெங்கும் கண் போகாது.

இதெல்லாம் மனதை இதமாக்கும் சங்கதி மட்டுமல்ல. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போன சிறுபிள்ளைகளை எழுத்தாளர் பூமணி ‘கருவேலம்பூக்கள்’ படத்தில் காட்டியதும் இதே கண்ணால்தான். கண்ணுக்கு இனியதை மட்டும் பார்ப்பதற்குப் பேர் கவனமா?

கி.ரா. ஏட்டில் ஏற்றிய கரிசல் வழக்குச் சொற்களில் எத்தனை இன்று அவர் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்? அவை காதில் விழ, கோவில்பட்டி வட்டாரப் பள்ளிகள் ஐப்பசியில் வாரம் ஒரு பிற்பகலாவது பிள்ளைகளைக் கரிசல் காட்டுக்குக் கூட்டிப்போகட்டும். விதைத்துவிட்டுக் காத்திருக்கும் சம்சாரி ஒருவரே அன்றைக்கு வாத்தியார். தயவுசெய்து அதற்கு மதிப்பெண் மட்டும் போட வேண்டாம்.